பாட்டிலில் நான்கு கோடுகள்

காலையிலிருந்து எத்தனை மடக்குத் தண்ணீர் குடித்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? நாகஜோதியால் முடியும். ஒரு லிட்டர் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் நான்கு கோடுகள் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு கோட்டுத் தண்ணீர் நான்கு மணி நேரத்துக்கு. கோடு வந்ததும் வாயில் இருப்பதை விழுங்கி, மூடியை இறுகத் திருகிவிடுவாள். விடுமுறையில் மண்ணரை என்ற ஊரில் உள்ள தன் வீட்டில், கழிப்பறைக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான்.

வயது இருபத்தேழு. சரக்குக் கப்பலில் நான்காம் எஞ்சினியர். இருபத்திரண்டு பேரில் ஒரே பெண். அம்மா கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவர். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் மாதிரி உடை தைக்கும் சேம்பிள் டெய்லர். மகள் பேச்சில் இந்த ஊரின் 'ங்க' ஒட்டிக்கொண்டது. தாய் பேச்சில் முப்பது வருஷமாக ஒட்டவில்லை.

நாகஜோதி டீ தம்ளரை மேசை விளிம்பில் வைக்க மாட்டாள். நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பக்கத்து வீட்டுக் கிரைண்டர் ஓடினால், "பேரிங் போகப்போகுதுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். போய்விடும்.

விடுமுறையில் வந்திருந்த அவளைப் பற்றி எழுதப் போனேன். பகுத்தறிவாளன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர். அதைக் காப்பாற்றும் வேலையும் எனக்கே. பெண் ஏறினால் கப்பலுக்கு ஆகாது என்ற மூடநம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிடப் பதினாறு பக்கக் குறிப்புகளோடு போயிருந்தேன். தலைப்புகூடத் தயார்: 'கடலன்னைக்கே கைவிலங்கா?'

"அப்பிடியெல்லாம் கப்பல்ல யாரும் சொல்றதில்லீங்க சார்."

"பிறகு என்னதான் பிரச்சினை?"

"ஒண்ணுக்குப் போறதுதானுங்க."

பதினாறு பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. முப்பது வருஷமாக மேடையில் பெண் விடுதலை பேசியவன், காது சிவந்து, "ஓகோ" என்றேன்.

"எஞ்சின் ரூமுல போடற பாய்லர் சூட்டு மேலயும் கீழயும் ஒரே துணிங்க. ஆம்பளைங்களுக்கு முன்னாடி ஜிப்பைத் தொறந்தாப் போதும். நான் தோள்ல இருந்து கழட்டோணும். எஞ்சின் ரூமு நாப்பத்தஞ்சு டிகிரி, வேர்வையில ஒட்டிக்கும். கக்கூசு நாலு மாடி மேல, தாப்பாளும் கெடையாது. தண்ணியே குடிக்காட்டி வேலை சுலபம்னு நெனச்சேனுங்க."

சுலபமாக இல்லை. போன பயணத்தில், அடுத்த துறைமுகத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில் காய்ச்சல், சிறுநீரில் ரத்தம். மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரி ஆண். அவரிடம் மூன்று நாள் 'முதுகுவலி' என்றே சொல்லியிருக்கிறாள். தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. இன்னொரு முறை வந்தால், கடல் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். கப்பல் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டாள். பதிலாக, ஒரு சைஸ் சின்னதாக இன்னொரு பாய்லர் சூட் வந்தது.

"எங்க கம்பெனிலயும் இதே கூத்துதாண்ணே," என்றார் கருத்தம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "ரெண்டு தடவ எந்திரிச்சா சூப்பர்வைசர் மூஞ்சி அம்புட்டு நீளத்துக்குப் போகும். தண்ணி பாட்டிலு பூராம் மெஷினுக்கடியில சும்மாதான் கெடக்கும்."

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால், "எதையும் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்பேன்" என்பது என் மேடை வசனம். பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"தாராளமாப் பாருங்க சார்."

கப்பல் கம்பெனி முதலில் தந்த, தொளதொளத்த பழைய சூட்டை எடுத்து நீட்டினாள். ஒரு லிட்டரையும் குடிக்கவைத்தாள், கோடுகள் எனக்கில்லையாம். மின்விசிறியை நிறுத்தினாள். முக்கால் மணி நேரம் கழித்து, வியர்வையில் ஊறி எழுந்தேன்.

"முன்னாடி ஜிப்புல போறதுக்கு ஆகாதுங்க. தோளைக் கழட்டி உக்காரோணும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கதவுக்கு வெளியே நின்றாள்.

அடுத்த நான்கு நிமிடங்களை விவரிக்கமாட்டேன். வலது தோள் கழன்றது, இடது தோள் கழலவில்லை. கழன்ற சூட்டின் கை ஈரத் தரையில் விழுந்தது, அதையே மிதித்தேன். எல்லாத் தெய்வங்களையும் மறுத்த வாய் உள்ளே யாரையோ கூப்பிட்டது.

"யாரண்ணே கூப்புட்டீக? முருகனவா?" என்று மெஷினிலிருந்தே கேட்டார் கருத்தம்மா.

"எங்கம்மாவை," என்று புளுகினேன்.

கருத்தம்மா தைத்துக்கொண்டிருந்தது அந்தச் சின்ன சூட்டைத்தான். பின்பக்கம் இடுப்பில், ஒரு விலாவிலிருந்து மறு விலாவரை ஜிப். அதை மறைக்க ஒரு துணிப்பட்டை. தோளைத் தொடாமல் பின்புறத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். முதலில் கைப்பழக்கத்தில் டிராக் பேண்டுக்கு வைக்கிற நைலான் ஜிப்பை வைத்துவிட்டாராம். "எம்மா, நான் வாக்கிங் போகலை! கொதிக்கிற பைப்புல பட்டா உருகி முதுகோட ஒட்டிக்கும்," என்று மகள் கத்தியதும், பிரித்துப் பித்தளை ஜிப் வைத்திருக்கிறார்.

அதை மாட்டிக்கொண்டு நாகஜோதி உள்ளே போய் வந்தாள். நாற்பது நொடி.

ஆனால் கப்பல் கம்பெனி அனுமதி இல்லாமல் வெட்டித் தைத்த உடையோடு எஞ்சின் அறைக்குள் இறங்க முடியாது. சூட்டைப் படமெடுத்து, கழற்ற ஆன நேரத்தையும் எழுதி அனுப்பினாள். என் நான்கு நிமிடமும் அதில் ஆதாரமாகச் சேர்ந்தது. பெயர் போடவில்லை என்கிறாள்; நம்புகிறேன், சோதிக்கவில்லை.

கப்பலேற மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. இந்த ஒரு பயணத்துக்கு அவள் மட்டும் அணிந்து பார்க்கலாம். மற்ற கப்பல்களில் இருக்கும் பெண்களுக்குத் தரும் திட்டமில்லை. இதுவரை வேறு யாரும் கேட்கவில்லையாம்.

எப்படிக் கேட்பார்கள்? என்னைப் போன்றவர்களிடம் அல்லவா கேட்கவேண்டியிருக்கிறது! கேட்டால், "ஓகோ" என்போம்.

கருத்தம்மா மகளின் பாட்டிலை எடுத்தார். பனியனில் எண்ணெய்க் கறை எடுக்கும் மருந்தை ஒரு துண்டுத் துணியில் நனைத்து, பாட்டிலின் நான்கு கோடுகளையும் அழுத்தித் துடைத்தார். கழுவி, கழுத்துவரை நிரப்பி, மகளிடம் நீட்டினார். அவள் பழக்கத்தில் கோட்டைத் தேடினாள். பிறகு அண்ணாந்தாள்.

நீங்களும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் குடியுங்கள். பிறகு, உங்களோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து அவளுக்கான கழிப்பறைவரை நடந்து பாருங்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லையென்றால் இன்றே ஒன்று போடுங்கள்.