தீப்பெட்டி தேடும் பெண்கள்

ஸ்ரீகண்டன் கர்நாடக அரசின் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கடைக்குள் நுழைந்தால் தராசு முள் தானாகவே நிமிர்ந்து நிற்கும் என்று சந்தையில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் கொடுக்கும் பட்சணப் பையைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். சரியாக இருக்கும். இப்படிப்பட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு, ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய ஒக்கலிபுரம் வீட்டின் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ரத்தம் குடிக்கும் சீமாட்டிகள் அரைகுறை ஆடையில் மாடிப்படி இறங்கும் படங்களைப் பார்த்தார். அவருடைய ஒரே மகள் நிருபமா இதைக் கடைசிவரை ஒரு கோளாறாகவே கருதிவந்தாள்.

நிருபமாவுக்கு ஊரின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வீடும் அங்கேயே. சிப்களைச் சோதிப்பாள். எது நடக்க வேண்டும், எது நடந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். வீட்டிலும் இரண்டு வரிக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

ஸ்ரீகண்டனுக்குப் பழக்கம் தொற்றியது உத்தியோகத்தின் கடைசிக் காலத்தில். மெஜஸ்டிக் கடைவீதிப் பக்கம் சோதனைக்குப் போனவர், ஒரு டிவிடி கடையில் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். அட்டையில் ஒரு கோட்டை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெண். விலை இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை. நிகர அளவு குறிப்பிடப்படவில்லை. கடைக்காரனைக் கண்டித்துவிட்டு, பெட்டிக்குத் தன் கைக்காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அறிக்கை எழுதுவது முறையல்ல என்பது அவர் கட்சி. பார்த்தார். மறுநாளும் பார்த்தார். அறிக்கை எழுதப்படவே இல்லை. பெட்டிகள் மட்டும் பீரோவுக்குள் பெருகிக்கொண்டே போயின.

என்னதான் இருக்கிறது அந்தப் படங்களில் என்று நிருபமா ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டாள்.

“நன்னா எடுத்த படத்துல தப்பு இருந்தா எனக்குத் தெரிஞ்சுடும்டி. இடது கைல இருந்த வாட்ச் அடுத்த சீன்ல வலது கைல இருக்கும். அதுக்கப்பறம் எனக்குப் படம் ஓடாது. இதுல எதையும் எதோடயும் ஒத்துப் பாக்க முடியாது. ஆயுசு பூரா ஒத்துப் பாத்தாச்சு, போறும்.”

“அந்தப் பொம்மனாட்டிகள்?”

“அழகா இருக்கா,” என்றார் ஸ்ரீகண்டன். “அதுல எடை குறையறதா என்ன?” சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். விவாதம் முடிந்தது.

அவர் மனைவி பாகீரதி மாமி முதலில் அந்தப் பக்கமே வரமாட்டாள். பிறகு அவளுக்குக் கண் கெட்டது. விழித்திரையின் நடுப்பகுதி போய், ஓரங்கள் மட்டும் தெரிந்தன. ஒருவர் எதிரே நின்றால் முகம் இருக்காது, தோளும் காதும் இருக்கும். டிவியைப் பார்ப்பதென்றால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்க வேண்டும். சீரியல்களை அவள் விட்டாள். அதெல்லாம் வெறும் முகங்கள். ஒரு ஞாயிறு தற்செயலாகக் கூடத்துக்கு வந்தவள், கணவரின் படத்தில் சிவப்புத் திரைச்சீலை காற்றில் பறப்பதையும், வரிசையாக மெழுகுவர்த்திகள் எரிவதையும், திரையின் ஓரத்தில் யாரோ நகர்வதையும் கண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒரு படம் தெரிந்தது. தன் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நடுவில் நடப்பதை ஸ்ரீகண்டன் சொல்வார். படங்கள் எந்தெந்த தேசத்து பாஷைகளிலோ இருந்தன. ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் சாசனத்தை வாசிப்பவர்போலத் தங்குதடையின்றிச் சொல்வார். இதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவும் வந்து வாசற்படியில் உட்கார ஆரம்பித்தாள். ஊறவைத்த அவரைக்கொட்டையை மடியில் வைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டே பார்ப்பாள். அவளுக்குத் தமிழ் புரியும். இருந்தாலும் கதையைக் கன்னடத்தில் கேட்டால்தான் திருப்தி. அவளுக்காக ஸ்ரீகண்டன் எல்லாவற்றையும் கன்னடத்தில் இன்னொரு முறை சொல்வார்.

ஒரு ஞாயிறு, படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் நடந்தன. பதின்மூன்றாம் நாள் சுபமும் ஆயிற்று. அன்று ஸ்ரீகண்டனின் தம்பி நாணு விபூதி டப்பா தேடுகிறேன் என்று பீரோவைத் திறந்து, அட்டைப் படங்களைக் கண்டு, உடனே சாத்தினார். இதெல்லாம் வீட்டில் இருப்பது மன்னிக்கு உசிதமில்லை, தானே எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைத்துவிடுவதாக நிருபமாவிடம் தணிந்த குரலில் சொன்னார். பிறகு மூன்றை மட்டும் நிதானமாகப் பொறுக்கி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அம்மா மட்டும் அழவில்லை. பேசவும் இல்லை. தட்டில் போட்டதில் பாதி அப்படியே திரும்பி வந்தது. அவளை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அழைத்துப் போய்விட நிருபமா தீர்மானித்திருந்தாள். அறை தயார். குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்தாகிவிட்டது. விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. தனியாக, கண் தெரியாமல், சாப்பிடாமல் இவளை எப்படி விட்டுப்போவது? கேட்டபோதெல்லாம் அம்மா உம் என்றும் சொல்லவில்லை, ஊஹும் என்றும் சொல்லவில்லை. அதுதான் நிருபமாவைப் பயமுறுத்தியது. மறுத்தால் வாதாடலாம். அதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன.

ஞாயிறு மூன்று மணிக்கு அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“படம் பாதில நிக்கறது. அத முடிடி. அப்பறம் உன் வீட்டப் பத்திப் பேசலாம்.”

டிவிடி பிளேயரில் தட்டு அப்படியே இருந்தது. போட்டால் விட்ட இடத்திலிருந்தே ஓடும். ஆனால் பாதிவரை என்ன கதை என்று தெரியாமல் மீதியை எப்படிச் சொல்வது? நிருபமா முறைப்படி விசாரித்தாள். காணாமல்போன அக்காவைத் தேடி ஒரு பெண் கோட்டைக்கு வந்திருக்கிறாள் என்றாள் அம்மா. அதற்குள் வாசற்படிக்கு வந்துவிட்ட லட்சுமம்மா தலையை ஆட்டினாள்.

“அக்கா இல்லம்மா. பத்திரம். ஜமீன் பத்திரத்த அந்தக் கிழவன் மறைச்சிட்டிருக்கான், அத வாங்க வந்திருக்கா. சார்தான் அப்படி ஹேளிதாரு.”

லட்சுமம்மாவுக்குக் கோலார் பக்கம் மைத்துனனோடு நிலத் தகராறு. நிருபமாவுக்கு மெல்ல விளங்கியது. அப்பா தமிழில் ஒரு கதையும் கன்னடத்தில் வேறு கதையும் சொல்லியிருக்கிறார், அவரவர் தராசுக்குத் தக்கபடி. இவ்வளவு வருஷம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

படத்தைப் போட்டாள். நீலக் கதவுக்கு எதிரே மெழுகுவர்த்தியோடு ஒரு பெண்.

“ஒரு பொண்ணு நிக்கறா. எதிர்ல கதவு. மூடியிருக்கு.”

சற்று நேரம் போயிற்று.

“இன்னும் நிக்கறா.”

மேலும் சற்று நேரம். “நிக்கறா.”

“ரயில் அனௌன்ஸ்மென்ட் கேக்கணும்னா நான் ஸ்டேஷனுக்கே போயிருப்பேன்,” என்றாள் அம்மா.

நிருபமாவுக்கு முகம் சுண்டியது. மெனுவைத் துழாவினாள். ஆங்கிலத்தில் வசன வரிகள் இருந்தன. அப்பா அணைத்து வைத்திருந்தார். இதுதான் வழி என்று நிம்மதியோடு அதைப் போட்டாள். கோட்டையின் கிழவர் வந்து பெண்ணிடம் ஏதோ சொன்னார். திரையின் அடியில் வந்த வரியை நிருபமா தமிழில் சொன்னாள்.

“கடிகாரம் கடலைக் குடித்துவிட்டது, மகளே.”

“அப்படின்னா?”

“தெரியல.”

“அதுக்கு இவ என்ன சொல்றா?”

“என் கண்ணிமைகளை யார் தைத்தார்கள்னு கேக்கறா.”

“பாப,” என்றாள் லட்சுமம்மா அனுதாபத்தோடு. பத்திரம் கிடைக்கும் நம்பிக்கை அவளுக்கு அற்றுப்போயிருந்தது. நிருபமா வசன வரிகளை அணைத்தாள். அப்பா ஏன் அணைத்தார் என்பதில் இனி அவளுக்குச் சந்தேகம் இல்லை.

காட்சி மாறியது. வெல்வெட் கட்டிலுள்ள ஓர் அறை. பெண்கள் இருவர். நிருபமா வாயை மூடிக்கொண்டாள். லட்சுமம்மா சாவதானமாகச் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்து வேலையைத் தொடர்ந்தாள். வெகு காலப் பழக்கம்போல இருந்தது. பின்னணியில் ஆர்கன் இசை மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

“என்ன பண்றா?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் பண்ணல.”

“சத்தம் வரதே.”

பொய் சொல்லி நிருபமாவுக்குப் பழக்கமில்லை. “ரெண்டு பொம்மனாட்டி. துணி இல்ல. ஒருத்தி மேல ஒருத்தி ரோஜா இதழப் போட்டுண்டிருக்கா,” என்றாள் ஒரே மூச்சில்.

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நிருபமா பதறி எழுந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா இந்த மாதிரி இடத்துல தீப்பெட்டி தேடறான்னு சொல்லுவார். ஒவ்வொரு படத்துலயும் யாராவது பத்து நிமிஷம் தீப்பெட்டி தேடுவா. நானும் கெடச்சுதான்னு கேப்பேன். இன்னும் இல்லம்பார். குரலே இறங்கிடும் மனுஷனுக்கு. கண்ணுதானே போச்சு எனக்கு, காது போகலியே.”

“உனக்குக் கோவம் வரலியா?”

“எதுக்கு? தராசும் படிக்கல்லுமா அலைஞ்ச மனுஷன். அவருக்கு அது வேண்டியிருந்தது. எனக்கு அந்தச் செவப்பெல்லாம் தெரிஞ்சுது. ரெண்டு பேருக்கும் நடுவுல அவர் பாட்டுக்குப் புளுகிண்டே இருப்பார். அது நன்னாருக்கும்.” முகத்தை மறுபடி பக்கவாட்டில் திருப்பினாள். “ரோஜா எந்தக் கலர்?”

“வெள்ளை. நுனில மட்டும் செவப்பு. ரத்தமா இருக்கலாம்.”

“அதச் சொல்லு. அத விட்டுட்டு நிக்கறா நிக்கறான்னா?”

நிருபமா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் நிறங்கள். பிறகு யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று. பார்வையைச் சொல்லப்போய்க் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. காரணம் திரையில் இல்லை, அவள்தான் போட வேண்டியிருந்தது. கிழவர் வில்லனானார். அவருக்குக் கோலாரில் ஒரு மைத்துனர் முளைத்தார். லட்சுமம்மா சுவரை விட்டு மறுபடி டிவிப் பக்கம் திரும்பினாள். தான் பேசுவது இரண்டு வரியைத் தாண்டிவிட்டது என்பது நிருபமாவுக்கு நடுவில் ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அந்தப் பெண் நீலக் கதவைத் திறந்துவிட்டதால் யோசிக்க நேரமில்லை.

கதவுக்கு அப்பால் கடற்கரை. அலையில் பாதி மூழ்கியபடி ஓர் ஆளுயரக் கடிகாரம். வேறு ஒருவரும் இல்லை.

“திறந்தாளா?” அம்மா முன்னுக்கு நகர்ந்தாள்.

“திறந்தாச்சு. கடல்.”

“அக்கா இருக்காளா?”

இல்லை. நடக்க வேண்டியது: அக்கா. நடந்தது: கடிகாரம். நிருபமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டிவியைக் கடைக்கண்ணால் பிடிப்பதற்காக அம்மா முகத்தைத் திருப்பியிருந்தாள். தன்னையே நேராகப் பார்ப்பதுபோல இருந்தது நிருபமாவுக்கு.

“இருக்கா,” என்றாள். “தண்ணில கால வெச்சிண்டு நிக்கறா. தலை நரைச்சுடுத்து.”

“பத்திர?” என்றாள் லட்சுமம்மா. அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும்.

“கைலதான் வெச்சிருக்கா. நனையாம தூக்கிப் பிடிச்சிண்டு.”

லட்சுமம்மா பெருமூச்சு விட்டாள்.

அம்மா கேட்டாள்.

“இவ அவளக் கூட்டிண்டு போறாளா?”

என்ன கேட்கப்படுகிறது என்பது நிருபமாவுக்குத் தெரிந்தது. போகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கதையில் அதைத் தடுக்க யாரும் இல்லை.

“கூட்டிண்டு போறா,” என்றாள்.

“அவளுக்கு இஷ்டமா?”

திரையில் அந்தப் பெண் கடிகாரத்தின் மரச் சட்டத்தைத் தொட்டாள். அதன்மீது நெற்றியைச் சாய்த்தாள். பிறகு திரும்பி, வந்த வழியே மணலில் நடந்தாள். தனியாகத்தான் நடந்தாள். அப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று நிருபமா யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

“இல்லம்மா. தப்பாச் சொல்லிட்டேன். இவ தனியாத்தான் திரும்பறா. அக்கா நின்னுட்டா.”

“கடல் பக்கத்துலயா?”

“அங்கதான் அவளுக்குப் பழக்கம்.”

“இவ திரும்பி வருவாளா?”

“வருவா. கதவ சாத்தல.”

அப்போதுதான் அம்மா அழுதாள். சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் போன ரயிலுக்கும் மேலாகக் கேட்கும்படி அழுதாள். லட்சுமம்மா அவரைக்கொட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிருபமா ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்துகள் ஓடி முடிந்து திரை கருப்பாயிற்று.

அழுது முடித்து அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உன் வீட்டப் பத்திப் பேசணும்னியே.”

காரணங்கள் எல்லாம் நிருபமாவிடம் அப்படியே இருந்தன. கண், மாத்திரை, வாசற்படி, குளியலறையில் கைப்பிடி. ஒன்றும் தவறில்லை.

“பேச ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வரேன்.”

“மூணு மணிக்கு முன்னாடி வா. டிராஃபிக்குன்னு சொல்லாதே.”

“சரி.”

“சரி, இப்ப தோசை வார். முறுகலா வேணும்.”

நிருபமா வார்த்தாள். அம்மா இரண்டு தின்றுவிட்டு, மூன்றாவது எங்கே என்று கேட்டாள்.