வில்லெட்டாவின் முதுகு பேசிய வசனம்

வில்லெட்டா குரூம்ஸ் கேமராவுக்கு முதுகு காட்டமாட்டாள். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பர்களின் அடிமைக் காலத்தைப் படமாக எடுத்துக் காசு பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். எழுபதுகளின் நடுவில் அந்தப் படங்கள் மழைக்கு முளைத்த காளானாக வந்தன. சவுக்கு, சங்கிலி, கிழிந்த ரவிக்கை. கேட்டால் சரித்திரம் என்பார்கள். சரித்திரமாம்! வில்லெட்டாவுக்கு எப்போதும் சமையல்காரி வேடம், இல்லாவிட்டால் பிள்ளையைப் பறிகொடுக்கும் தாய். முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரிந்தால் போதும், பிறகு டப்பிங்கில் எவளையாவது வைத்து எந்த வசனத்தையும் அதன் மேல் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏமாந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

டைரக்டர் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பாள். யாராவது காபி நீட்டினால், அவர்கள் ஒரு வாய் குடித்த பிறகுதான் வாங்குவாள். உடை மாற்றும்போது கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுப்பாள். அவள் நம்பியது ஜெனீவா ஒருத்தியைத்தான். ஜெனீவாவும் துணை நடிகை, வில்லெட்டா போகும் அதே தேவாலயத்தில் பாடகர் குழுவில் பாடுகிறவள். படப்பிடிப்புக்கு இருவரும் ஜெனீவாவின் காரில் போவார்கள். வில்லெட்டா பொரித்த கோழி கொண்டுவருவாள், ஜெனீவா ஊர்வம்பு கொண்டுவருவாள்.

அந்த வருஷம், பெண்களே ஆராதனை நடத்தும் மகளிர் ஞாயிறன்று தேவாலயத்தில் பேச வில்லெட்டாவை அழைத்திருந்தார்கள். ‘அந்தப் படக்காரி’ என்று இத்தனை காலம் ஓரக்கண்ணால் பார்த்த சபை அது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை உடைகூடத் தைத்தாயிற்று. அதற்குள் மகளிர் தலைவி சிஸ்டர் பர்னெல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“சிஸ்டர் குரூம்ஸ், புதுப் படத்துல ஒரு பொண்ணைக் காட்டிக் குடுக்கிறீங்களாமே? ‘இவளை எடுத்துக்குங்க எசமான், என் மகளை விட்டுடுங்க’ன்னு? எந்த முகத்தோட எங்க பொண்ணுங்க முன்னாடி பேசுவீங்க?”

“அப்படி ஒரு வசனம் நான் பேசவே இல்லீங்க. யார் சொன்னது?”

“என் மருமகன் பார்த்தான். பச்சைத் தலைத்துணி கட்டிக்கிட்டு, அந்தப் பொண்ணு கிட்டப் போய்…” சிஸ்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எந்த மருமகன் தலைத்துணியின் நிறத்தைப் பார்ப்பான்?

“சனிக்கிழமை என்கூட வாங்க,” என்றாள் வில்லெட்டா. “முதல் தடவையா நீங்களும் பாருங்க.”

தியேட்டரில் கூட்டம் திரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. “ஓடுடி, பின்னாடி வர்றான்!” என்று ஒருவன் கத்தினான். ஏலக் காட்சி வந்தது. அதைப் படமெடுத்த அன்று, ஏல மேடையில் அடிமைப் பெண்ணாக நின்ற டார்லீன் நடிக்க வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அவள் மேல்துணியை உருவச் சொல்லிவிட்டான் டைரக்டர். பிள்ளை வெடவெடவென்று நடுங்கியது. வில்லெட்டா எல்லாவற்றையும் மறந்தாள். ஓடிப்போய், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் சால்வையை அவளுக்குப் போர்த்தினாள். “பயப்படாதே கண்ணு, நான் மறைச்சுக்கறேன்,” என்றாள். காட்சியைக் கெடுத்ததற்கு டைரக்டர் திட்டவே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது திரையில் அந்த முதுகு, “இவளை எடுத்துக்குங்க எசமான்,” என்றது.

“அடிப்பாவி! த்தூ!” என்றது கூட்டம். திரையில் தெரிந்த அவள் முதுகின் மேல் பாப்கார்ன் வந்து விழுந்தது. அது வலிக்கவில்லை. ‘எசமான்’ என்பதைப் பாட்டாக இழுத்து முடித்த அந்தக் குரல்தான் வலித்தது. அவள் காரில் கேட்டுக்கொண்டே வந்த குரல் அது.

வெளியே வந்ததும் சிஸ்டர் பர்னெல் பேச்சில் இறங்கி வந்தார். “உங்க குரல் இல்லதான். ஆனா எங்கேயோ கேட்ட குரல். பேரை மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நீங்களே பேசலாம்.”

பெயர் தொண்டை வரை வந்தது. சொன்னால் ஜெனீவாவைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்தப் பாட்டை விட்டால் அவளுக்கு வேறொன்றும் கிடையாது.

“தெரியலீங்க,” என்றாள்.

மகளிர் ஞாயிறன்று வேறொருத்தி பேசினாள். ஜெனீவா கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஹாரன் சத்தம் கேட்டது. வில்லெட்டா பின்கதவைத் திறந்து ஏறினாள்.

“என்னடி, முன்னாடி உக்காரலையா? நான் என்ன உன் டிரைவரா?”

“படம் பார்த்தேன்.”

ஜெனீவா திரும்பவில்லை. “டப்பிங்ல அவனுங்க முதுகை மட்டும்தான் காட்டினானுங்க, வில்லெட்டா.”

“யார் முதுகுன்னு தெரியலையா?”

“தெரிஞ்சுது. நான் மாட்டேன்னா வேற எவளோ பேசியிருப்பா. கண்டவ பேசிக் கெடுக்கிறதுக்கு, நான் பேசினா நல்லா வரும்னு நினைச்சேன்.”

“நல்லாத்தான் வந்திருக்கு. ஜனங்க நிஜம்னே நம்பிட்டாங்க.”

“சிஸ்டர் பர்னெல்கிட்ட…”

“சொல்லலை. வண்டியை எடு, நேரமாச்சு.”

ஜெனீவா வண்டியை எடுத்தாள். அன்று அவளிடம் ஊர்வம்பு எதுவும் இல்லை. வழியெல்லாம் வில்லெட்டா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.