பேர் போடாத நம்பர்

எங்கள் கீரமங்கலம் பூத்தோட்டத்தில் சிக்னல் கிடைக்காததால், என் நம்பரை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றினோம். பழைய போன் அதற்கு ஒத்துவரவில்லை. புதிதாக வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனோம்.

"எழுத்துப் பெருசா தெரியுறதாப் பாத்து எடு. மோட்டாருக்குச் சாமான் வாங்கிட்டு வாரேன். முடிஞ்சதும் போன் பண்ணு" என்று என் கணவர் கிளம்பிவிட்டார்.

அரை மணி நேரம் அலசி ஒரு போனை எடுத்தேன். கடையிலிருந்த பெண் புது சிம்மைப் போட்டு, நம்பர்களையும் அதற்கு மாற்றினாள். "பேரில்லாம வெறும் புள்ளி வச்சு ஒண்ணு கெடக்கே, அழிச்சிரவாக்கா?" என்றாள். திரையைப் பார்க்காமலே, "அழிச்சிரும்மா" என்றேன். பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

அவரைக் கூப்பிடத் தேடியபோதுதான் உறைத்தது. கணவர் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத நான், புள்ளி வைத்துச் சேமித்திருந்தது அவர் நம்பரைத்தான்! இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அது மனப்பாடமும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தெரியாத நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. அப்படி வந்தால் எடுக்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால், மூன்று முறை கட் செய்தேன்.

கடைசியில் அவரே வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "ஒனக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எம்மேல என்ன கோவம், கட் பண்ணிக்கிட்டே இருக்க?"

இப்போது அவர் நம்பர் எனக்கு மனப்பாடம். போனில் பெயரையும் முழுசாக எழுதிவிட்டேன். வாயால் இன்னும் சொன்னதில்லை. ஆனால் அவர் கூப்பிடும்போது, திரையில் அந்தப் பெயரை இரண்டு ரிங் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.