நிற்காத நெல் குவியல்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை யாரும் நடத்துவதில்லை. ஜூன் மாதமே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துவிடுவோம். மாசியில் அதற்கு ஒரு தேர்வு. அதில் தேறாத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, "நாங்களே டீசி கேட்கிறோம்" என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டில் கட்டும் பேனரில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று போட வேண்டுமே!

கேள்வித்தாளை நாங்கள் தயாரிப்பதும் இல்லை. ஓர் அச்சகம் கட்டுக்கட்டாக அனுப்பும். அதே அச்சகத்தின் கைடைத்தான் பிள்ளைகள் வாங்கியாக வேண்டும். கைடில் இருப்பதுதான் தாளில் வரும். நடுவில் நான் எதற்கு என்று எனக்கே எரிச்சலாக வரும்.

போன மாசியில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கூம்பு வடிவ நெல் குவியல், ஆரம் ஒரு மீட்டர், உயரம் நான்கு மீட்டர், கன அளவு என்ன என்று ஒரு கணக்கு. வகுப்பே கைடில் இருந்ததை வரி பிசகாமல் எழுதியிருந்தது. ஒரு பெண் மட்டும் கணக்கைப் போடாமல், "நெல்லை இப்படிக் குவிக்க முடியாது மிஸ். சரிந்துவிடும்" என்று எழுதி வைத்திருந்தாள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்து வாசலில் ஊர் நெல்லெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கு வருகிறோம். பனைமரம் மாதிரி ஒல்லியாக நிற்கும் குவியலை எவர் கண்டார்? முழு மதிப்பெண் போட்டேன். அதைச் சேர்த்தால்தான் அவள் தேறுவாள்.

தாளாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "விடையே இல்லையேம்மா. பப்ளிக்ல இப்படி எழுதினா யார் மார்க் போடுவா?"

"கேள்வியே தப்பு சார். உங்க களத்துல நெல்லை இப்படிக் குவிச்சுக் காட்டுங்க, நானே மார்க்கை அடிச்சிடுறேன்."

அவருக்கும் நிலம் உண்டு. தாளைப் பார்த்ததும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் அம்மாவை வரச் சொல்லிவிட்டார்.

நெல் காயப்போட்ட கையோடு அந்த அம்மா வந்தார். வெள்ளைத்தாளும் பேனாவும் மேஜைமேல் தயாராக இருந்தன. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரும் கேட்காமலே விடைத்தாளை அவர் கையில் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தானே சார் எழுதியிருக்கா?"

"படிப்பு வேறம்மா, பரீட்சை வேற" என்றார் தாளாளர்.

"அப்ப டீசி கேட்டு நான் எதுக்கு எழுதித் தரணும்? எனக்கு வேண்டாங்க. என் பொண்ணு பத்தாவது இங்கதான் எழுதுவா."

பேனாவை அவர் தொடவே இல்லை. தாளாளர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அவரோடு நானும் வெளியே வந்தேன். அங்கே இதே காரியத்துக்காக வேறு சில பெற்றோர் காத்திருந்தார்கள். "என்னம்மா சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"நாம எழுதிக் குடுத்தாத்தான் அவங்களால அனுப்ப முடியும். நான் குடுக்கலீங்க."

ஓர் அப்பா எழுந்து உள்ளே போனார். "நாங்களும் எழுதித் தரலீங்க" என்று அவர் சொன்னது வாசல் வரை கேட்டது.

இந்த ஜூனில் பத்தாம் வகுப்பில் பெஞ்சு போதவில்லை. பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தோம். ஒரு முனையை நான்தான் பிடித்தேன்.