இருபத்து மூன்றாவது ஸ்லாப்

குமுளி மெயின் ரோட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த தவமணி அண்ணன் காலமான செய்தி, சென்ற செவ்வாய்க்கிழமை காலை போனில் வந்தது. புதிய மழைநீர் ஓடைக்கு அளவெடுக்க வரும் இன்ஜினியரிடம் எங்கள் நோட்டைக் கொடுக்க, அன்று நானும் அண்ணனும் சேர்ந்து போவதாக இருந்தோம்.

ரோட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று ஆறு வருடம் மனுக் கொடுத்தோம். எனக்குப் பேச வராது. அவர் பேசுவார்; ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நான் எழுதுவேன். ஓடையை மூடியிருக்கும் ஒவ்வொரு ஸ்லாபின் துளை வழியாகவும் கோடு போட்ட கம்பியை இறக்கி, மண் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் மிஞ்சியிருக்கிறது என்று குறிப்போம். "தண்ணிகிட்ட சிபாரிசு செல்லாது, வாத்தியாரே" என்பார். பஞ்சாயத்து ஆபீசிலும் அதைச் சொல்லியே சிரிக்க வைத்துவிடுவார்.

இருபத்து மூன்றாவது ஸ்லாப் அவர் கடை வாசலில் இருந்தது. அதன்மேல் எப்போதும் மூட்டைகள் கிடக்கும். "தள்ளி நில்லுங்க, வேட்டி அழுக்காயிரும்" என்று கம்பியை வாங்கிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே குனிந்து, "ரெண்டடி! சுத்தம்!" என்று குரல் கொடுப்பார். நான் எழுதிக்கொள்வேன்.

ஆனாலும் மழை வலுத்தால் அந்த இடத்துக்கு மேட்டுப் பக்கம்தான் தண்ணீர் தேங்கி எதிர்த்து வந்தது. என் கணக்கில்தான் பிழை என்று மூன்று முறை திரும்பப் போட்டேன். இரண்டு கடை மேலே, செல்வியின் தையல் கடைக்குள் ஒருமுறை முழங்கால் அளவு ஏறிவிட்டது. ஓடிவந்து தையல் மெஷினைத் தோளில் தூக்கியவர் அண்ணன்தான். "ஒன் வெட்டுத்துணிதான் ஆத்தா அடைக்குது. வேணும்னா வாத்தியார் நோட்டப் பாரு" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "நெசமா, சார்?"

"அப்படித்தாம்மா தெரியுது" என்றேன். அடுத்த மாதமே கடையைக் காலி செய்துவிட்டுக் கீழே கம்பம் ஊருக்கு இறங்கிவிட்டாள்.

துக்கத்தன்று பந்தல் போட வந்தவர்கள், அந்த ஸ்லாபின் துளையில் ஒரு மூங்கில் காலை இறக்கினார்கள். "சார், ஒரு சாண்கூட எறங்கலையே! அடியில பாறையா?" என்றார் ஒருவர். பெயர்த்துப் பார்த்தோம். காங்கிரீட். ஒரு கை நுழையும் குழாயை மட்டும் விட்டு ஓடை அடைக்கப்பட்டிருந்தது. ஓடைத் தண்ணீரால் கிடங்குச் சுவரில் ஈரம் ஏறி ஏலக்காய் நிறம் கெடுகிறது என்று அண்ணன் ஒரு காலத்தில் புலம்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் மனுக் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே போட்டது, சார். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்."

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொதுச்சேவையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். எழுந்தேன், வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன். நோட்டில் இருபத்து மூன்றாம் வரியில் இருந்த 'இரண்டடி'யை அடித்து, 'அடைப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே இன்ஜினியரிடம் கொடுத்தேன். செல்விக்கும் ஒரு நகல் அனுப்பினேன். பதில் வரவில்லை.

அவர் அந்த மெஷினைத் தூக்கி வந்ததும் உண்மைதான். அதை எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோடு போட்ட அந்தக் கம்பி. இனி வேட்டி அழுக்கானாலும் நானே குனிந்து இறக்குவேன்.