டாக்வுட் தெருவில் நட்ட பலகை

வெர்லன் ஸ்டாக்கெட் வாயைத் திறந்தால் எங்கள் பெல்ட்டன் ஊருக்கே கேட்கும். அதற்கென்று அவருக்கு ஒரு நாளும் ஒரு நேரமும் உண்டு. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு உள்ளூர் ரேடியோவில் பெல்ட்டன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டத்தின், டீமைப் பற்றி யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம். பத்தொன்பது வருடமாக முதல் போன் இவருடையதுதான். "பைக் ரோட்டுலேருந்து வெர்லன் பேசுறேன்" என்று அந்தக் கரகரத்த குரல் ஆரம்பித்தால், சலூனில் கத்தரி நின்றுவிடும். இன்றைக்கு எந்த கோச்சின் தோலை உரிக்கப் போகிறாரோ என்று ஊரே காதைத் தீட்டிக்கொள்ளும்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு ஆட்டம் தெரியும். ஆனால் அதைவிட நன்றாகத் தெரிந்தது பலகை நடுவது. முப்பத்தொரு வருடம் சாலைத் துறையில் அதுதான் வேலை. 'நில்', 'வளைவு', 'பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்' என்று எங்கள் மாவட்டத்தில் நிற்கும் பலகைகளில் பாதி அவர் கைப்பட நட்டவை. மூன்று அடி தோண்டி, கம்பத்தை இறக்கி, கல்லும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு இடித்து இறுக்குவார். சூறாவளியில் சர்ச் கூரை பறந்திருக்கிறது, வெர்லன் நட்ட பலகை சாய்ந்ததில்லை. இதையும் அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அப்படிப்பட்டவரை இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். ஊசிதான் எமன். அவருடைய இடது கை நரம்பு குத்தப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கள் டீமின் பெயர் கோவேறு கழுதைகள், அந்த நரம்பும் அதே இனம்தான். ஆரம்பத்தில் ஆளாளுக்குக் குத்திக் கை பூசணிக்காயாக வீங்கியது. "இன்னொரு தடவை இப்படி வீங்கினா இந்தக் கை அவ்வளவுதான் மிஸ்டர் ஸ்டாக்கெட். அப்புறம் நெஞ்சுல குழாய் சொருகி வைக்கிறதைத் தவிர வேற வழி இல்லை" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வெர்லனின் அண்ணனுக்கு அப்படித்தான் வைத்தார்கள். குழாயில் கிருமி புகுந்து மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நடீன் ஓஜியெர் என்ற நர்ஸ் வந்து சேர்ந்தாள். முதல் நாள் அவருடைய கையில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு ஒரே குத்து. ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவள் லீவு என்றால் வெர்லன் அன்றைக்கு வரவே மாட்டார், வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வார். "மிஸ் நடீன் இல்லாம எவனும் என் கையைத் தொடக்கூடாது" என்பது அவருடைய சட்டம்.

இந்த வருடம் டீம் உருப்படவில்லை. சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் இன்னும் வயிறு எரிகிறது. பரம எதிரி மார்லோ கல்லூரியோடு கடைசி ஆட்டம், ஜெயித்த மாதிரிதான், ஒன்றரை நிமிடம் பாக்கி. டிஃபென்ஸ் கோச் ராய்ஸ் டாகர்ட், பந்து எறிபவனைத் துரத்த மூன்றே பேரை முன்னால் அனுப்பிவிட்டு, மற்ற எல்லோரையும் பின்னால் போய்ப் பாதுகாப்பாக நிற்கச் சொன்னார். மார்லோ பையன்கள் இடையில் கிடந்த மைதானத்தில் சாவகாசமாகப் பந்தைப் பிடித்துப் பிடித்து முன்னேறி ஜெயித்துவிட்டுப் போனார்கள். எண்பது வயதுக் கிழவர்கள் தொப்பியைத் தரையில் அடித்து மிதித்தார்கள்.

இப்படித் தோற்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோச் வீட்டுப் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்று யாராவது பலகை குத்திவிட்டு ஓடிவிடுவார்கள். மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். கம்பிக்கால் வைத்த தகரப் பலகை, ஒரு உதை விட்டால் விழும். வெர்லன் அந்த ரகமா? ஞாயிறு காலை ஊரே சர்ச்சில் இருந்த நேரத்தில், வயிறு சரியில்லை என்று மனைவியிடம் புளுகிவிட்டு டாக்வுட் தெருவில் டாகர்ட் வீட்டுக்குப் போனார். துளை போடும் மெஷினால் மூன்று அடி இறக்கி, கல் போட்டு, இடித்து, ரோட்டுப் பலகை மாதிரியே நட்டார். கேலிக்காக ரேடியோ நிலையத்தின் போன் நம்பரைக் கீழே எழுதினார். போட்டோ எடுத்து நண்பர் ஆட்டிஸ் க்ரப்புக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் அது ஊரிலுள்ள எல்லாப் போன்களுக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை. பத்து மணிக்குக் கோச்சுகளைப் பற்றிக் கல்லூரி அறிவிப்பு வரப் போகிறது என்று டிவியில் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. டயாலிசிஸ் அறையில் ஆறு நாற்காலி, அத்தனையிலும் கோவேறு கழுதை டீமின் ரசிகர்கள். ஆட்டிஸ் அடுத்த நாற்காலி, பள்ளிப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"தலைமைக் கோச்சையும் சேத்துத் துரத்தணும்யா" என்றார் ஆட்டிஸ்.

"அவரை விடு. டிஃபென்ஸ்காரனைத் தூக்கணும். அவன் கூட்டிட்டு வந்த அஞ்சு பேரையும் தூக்கணும். கூட்டிப் பெருக்கணும்!"

"அவனுக்குப் பதிலா யாரைப் போடுவ?"

"எங்க வீட்டுப் பூனையை நிக்க வை. அதுவாவது எலி வந்தா முன்னால பாயும். பின்னால போய் நிக்காது."

அறையே சிரித்தது. வெர்லனுக்கு உச்சி குளிர்ந்தது. நடீன் ஊசித் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். அவள் மருந்துப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆட்டிஸ் போனை நீட்டினார். "மிஸ் நடீன், நம்ம வெர்லன் கைவேலையைப் பாத்தீங்களா? கோச் வீட்டு வாசல்ல எப்படி நிக்குது பாருங்க!"

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "நேத்தே பாத்தேன், மிஸ்டர் ஆட்டிஸ். சர்ச்சுலேருந்து வந்ததும் பாத்தேன். அது எங்க வீடு."

ஆட்டிஸ் போனை மெதுவாகப் போர்வைக்கு அடியில் தள்ளினார்.

வெர்லனுக்கு முதலில் புரியவே இல்லை. ஓஜியெர் என்றல்லவா சட்டையில் எழுதியிருக்கிறது? பிறகு புரிந்தது, இவள் ராய்ஸ் டாகர்டின் மனைவி. கை நாற்காலியின் கைப்பிடிமேல் மல்லாந்து கிடந்தது. அவள் விரலிடுக்கில் ஊசி. குடைக்கம்பி பருமன் இருக்கும் அந்த ஊசி. கொஞ்சம் சாய்த்தால் போதும், கை போய்விடும், கைக்குப் பின்னால் அண்ணனுக்கு நடந்ததெல்லாம் வரிசையாக நடக்கும். நரம்பு நழுவிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நரம்பின் லட்சணம் ஊருக்கே தெரியும்.

"மிஸ் நடீன்..."

"பேசாதீங்க மிஸ்டர் வெர்லன். நீங்க பேசினா நரம்பு ஓடும்."

அவள் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்த மாதிரி அவருக்குப் பட்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கப் பயந்தார்.

ஒரே குத்து. குழாயில் சிவப்பு ஏறியது. இரண்டாவது ஊசியும் அப்படியே. அவள் டேப் ஒட்டி, மெஷினை ஓடவிட்டு, எண்களைக் குறித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுக்க வேண்டாம்னு நாங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணினோம்" என்றாள், எழுதிக்கொண்டே. "இது எங்களுக்கு ஆறாவது ஊரு. எங்க போனாலும் யாராவது ஒரு வெர்லன் இருப்பாரு. நீங்க மொத நாள் குட் மார்னிங் சொன்னீங்க பாருங்க, அப்பவே குரலைக் கண்டுபிடிச்சிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு எங்க வீட்டுல ரேடியோவை நிறுத்திடுவோம்."

"தெரிஞ்சுமா... தெரிஞ்சும் இத்தனை நாளா..."

"இது உங்க கை. ஆட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "நேத்து நானும் அவரும் முக்கால் மணி நேரம் இழுத்தோம். எங்க பொண்ணும் வந்து இழுத்தா. அசையவே இல்லை. கல்லு போட்டு இடிச்சிருக்குன்னு அவர் சொன்னதும், போட்டோவே பாக்காம ஆளைத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க."

அவள் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். வெர்லன் எங்கே போவார்? இரண்டு குழாய் மெஷினோடு பிடித்து வைத்திருந்தன. இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பத்து மணி. கல்லூரி அதிகாரி ஒருவர் டிவியில் தோன்றித் தாளைப் பார்த்துப் படித்தார். தலைமைக் கோச் தொடர்வார். டிஃபென்ஸ் கோச் ராய்ஸ் டாகர்டும் அவருடைய உதவியாளர்கள் ஐந்து பேரும் இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்கள். வெர்லன் கேட்டது கேட்டபடி, ஒரு ஆள் குறையாமல் கிடைத்துவிட்டது. கோடியில் காது கேட்காத ஒரு கிழவர், எழுத்தில் படித்துவிட்டு ஆனந்தமாகக் கை தட்டினார். யாரும் சேரவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நடீன் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவளுடைய பையில் போன் அதிர ஆரம்பித்தது. அதே நேரம் வெர்லனின் மெஷின் அலறியது. அவருக்கு அறை சுற்றியது, டிவி இருட்டிக்கொண்டு வந்தது. ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஓடி வந்தாள். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினாள், உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க மிஸ்டர் வெர்லன். வேற எங்கேயும் பாக்காதீங்க." பையில் போன் நின்று, மறுபடி அதிர்ந்து, மறுபடி நின்றது. அவள் எடுக்கவில்லை. எண்கள் ஏறி, அவர் முகத்தில் ரத்தம் திரும்பிய பிறகுதான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவளுடைய தோள் தெரிந்தது. வெர்லன் பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் மண்வெட்டியோடு டாக்வுட் தெருவுக்கு வண்டியை விட்டார். பலகை துளிகூடச் சாயாமல் நின்றது. இடது கையில் ஊசிக் கட்டு இருந்ததால் ஒற்றைக் கையால் அடியைக் கொத்திப் பார்த்தார். அவர் போட்ட கல், அவரையே மதிக்கவில்லை.

கதவு திறந்தது. ராய்ஸ் டாகர்ட் வெளியே வந்தார். நேரில் பார்த்தால் இத்தனை ஒல்லியா என்று இருந்தது.

"பைக் ரோடு வெர்லன் நீங்கதானா?"

"ஆமா கோச். இதைப் பிடுங்கிட்டுப் போயிடுறேன். உங்களை ஒண்ணு கேட்டுக்கறேன், என்னை..."

"மூணு பேரை அனுப்பினது தப்புதான்" என்றார் அவர் குறுக்கே. "சனிக்கிழமையிலேருந்து அதையே நெனைச்சுக்கிட்டு இருக்கேன். நாளைக்கு ரேடியோவுல தாராளமா சொல்லுங்க."

"நாளைக்கு நான் பேசலை கோச். பலகையை மட்டும்..."

"இருக்கட்டும் விடுங்க. எப்படியும் ஒண்ணு வாங்கி நடணும். இதுதான் நல்லா நிக்குதே. நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க."

வெர்லன் வண்டியிலிருந்து பெயிண்டை எடுத்து வந்தார். ரேடியோ நம்பரை அழித்தார். கோச் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, முட்டி போட்டு உட்கார்ந்து எழுதினார்.

ஜனவரி இரண்டாவது வாரம் வீடு விலை போனது. நடீன் கடைசி நாளில் எல்லோருக்கும் கை கொடுத்தாள். வெர்லனுக்கும் கொடுத்தாள், மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே.

அடுத்த திங்கட்கிழமை புது நர்ஸ். நல்ல பெண்தான், கைதான் இன்னும் பழகவில்லை. முதல் குத்து தப்பியது. இரண்டாவதில் தோலுக்கடியில் நீலம் பரவியது. "சாரி சார், இன்னொரு தடவை பாக்கட்டுமா?" என்றாள். வெர்லன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

டிவியில் புது டிஃபென்ஸ் கோச்சுக்குக் கல்லூரித் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டிஸுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"என்ன வெர்லன், இவனுக்கு எத்தனை மேட்ச் டைம் குடுக்கலாம்? நாலு?"

வெர்லன் மூன்றாவது ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தார்.

"வாயை மூடுடா ஆட்டிஸ்! அவர் பொண்டாட்டி என்ன வேலை பாக்குறாங்கன்னு மொதல்ல விசாரி!"