கதவுக்காரன் கேட்ட டிக்கெட்

ஸ்டேஷனில் என்னைக் 'கதவு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வகுப்புப் பயணிகள் ஓய்வறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, முதுகு சாய்க்க வழியில்லாத ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து டிக்கெட் பார்ப்பதுதான் என் உத்தியோகம். உள்ளே சோபா, ஏ.சி., காபி எல்லாம் உண்டு. எனக்கு உண்டானது, கதவு திறக்கும்போது கணுக்காலில் படும் குளிர்காற்று மட்டும்.

ஆனால் வீட்டில் விடுகிற பீலாவுக்குக் குறைச்சலே இல்லை. "என் ரூம்ல இன்னிக்கு ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்திருந்தார்" என்பேன். என் ரூமாம்! கூட்டுகிற அம்மாவாவது உள்ளே போய் வருகிறாள்.

தொழிலில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். பார்த்தால் மனசு இளகிவிடும், வேலை போய்விடும். குனிந்தபடி கையை நீட்டுவேன், டிக்கெட்டை மட்டும் பார்ப்பேன். இதற்காக மேலதிகாரி ஒருமுறை பாராட்டியபோது, ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி தலை கால் புரியாமல் திரிந்தேன்.

போன வாரம் பையனின் மாமியார் எங்கள் வீட்டில் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அவருக்கு முழங்கால் வலி, நிற்கவே முடியாது. அன்று காலையில் நான் வேலைக்கு வந்த பிறகு ரயில் தாமதம் என்று தெரிந்திருக்கிறது. என் மனைவி என்னை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டாள். "கவலைப்படாதீங்க சம்பந்தியம்மா, அவர் ரூம் இருக்கு. ரயில் வர்ற வரைக்கும் ஜம்முனு உட்காரலாம்."

எனக்கு இது எதுவும் தெரியாது. வழக்கம்போல் குனிந்தபடி கையை நீட்டினேன்.

"டிக்கெட்?"

ஒரு கை டிக்கெட்டை நீட்டியது. சாதாரண வகுப்பு.

"இது செல்லாதும்மா. அந்தப் பக்கம் போங்க."

கை நகரவில்லை. "எந்தப் பக்கம்ங்க?"

தெரிந்த குரல். நிமிர்ந்தால் என் மனைவி. பின்னால் சம்பந்தியம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு. தலைக்கு மேலே கேமரா. நான் திருதிருவென்று விழித்தேன். உள்ளே விட்டால் வேலை போகும். விடாவிட்டால் சம்பந்தி முன்னால் அவள் மானம் போகும். கதவும் திறக்கவில்லை, வாயும் திறக்கவில்லை.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் இதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "அந்த அம்மாவை என்கூட வந்தவங்கன்னு வெச்சுக்கப்பா. ஒரு டிக்கெட்டுக்குத் துணைக்கு ஒருத்தர் வரலாம்ல?"

வரலாம். ஆனால் ஒருவர்தான்.

"நீங்க போங்க சம்பந்தியம்மா," என்றாள் மனைவி சிரித்தபடி. "எனக்கு இந்த ஏ.சி. குளிரே ஆகாது."

பச்சைப் பொய். வீட்டில் மின்விசிறி போதவில்லை என்று தினமும் புலம்புகிறவள். கண்ணாடிக் கதவு சாத்தியதும் சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"டிக்கெட் இல்லாதவங்களுக்கெல்லாம் டீ தருவீங்களா?"

ரயில் வந்தது. சம்பந்தியம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். மனைவி ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டினேன். கொஞ்சமாகத் திறந்தது. இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"டிக்கெட்?"

அசடு வழியச் சிரித்தேன். உள்ளே சிரிப்பில்லை.

"திட்டினாக்கூடப் பரவாயில்லைங்க. என் கையை உங்களுக்குத் தெரியலையே."

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வெந்நீர் கொட்டிய பழைய தழும்பு. விரலில் கத்தி பட்ட புதுக்கீறல், என் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கியதுதான். கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சோறு போடுகிற கை. அதைப் பார்த்துத்தான் செல்லாது என்று சொல்லியிருக்கிறேன்.

கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"இது செல்லாது," என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.